கவ்வனா: யூத ஜெபத்தில் மனத்தை நிறுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத ஜெபத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் இரண்டாம் நாளே எதிர்ப்படும் சொல் கவ்வனா. ஜெபிக்கும்போது மனம் எங்கே இருக்க வேண்டும் என்பதே அதன் விஷயம். பரவசத்தை எட்டிய ஞானிகளின் கதைகள் இதில் ஏராளம். எனக்கு அவற்றைவிட, ஓடிப்போகும் மனத்தை ரபிகளும் சட்ட அறிஞர்களும் எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் அக்கறை. கீழே உள்ள பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கவ்வனா என்றால் மன ஒருமைப்பாடு, அவ்வளவுதானே?

அதுவும் உண்டு. ஆனால் ஒரே பெயரில் மூன்று விஷயங்கள் புழங்குகின்றன. பலர் குழம்புவது இங்கேதான்.

முதலாவது, 'என் கடமையைச் செய்கிறேன்' என்ற எண்ணம். பொ.ஆ. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட மரபுத் தொகுப்பான மிஷ்னா ஓர் உதாரணம் தருகிறது. புத்தாண்டு நாளில் ஒருவர் ஜெப ஆலயத்தின் பின்புறமாக நடந்து போகிறார். உள்ளே ஊதும் ஆட்டுக்கொம்பின் ஒலி காதில் விழுகிறது. மனத்தைச் செலுத்திக் கேட்டிருந்தால் கடமை நிறைவேறியது, இல்லையென்றால் இல்லை. இருவர் காதிலும் விழுந்தது ஒரே ஒலிதான்.

இரண்டாவது, வாய் சொல்லும் சொற்களின் பொருளை மனம் தொடர்ந்து வருவது. மூன்றாவது, 'நான் இறைவன் முன் நிற்கிறேன்' என்ற உணர்வு. சட்ட அறிஞரும் தத்துவவாதியுமான மைமோனிடிஸ் (1138–1204) தம் சட்டத் தொகுப்பில் இந்த மூன்றாவதையே வரையறையாக எடுத்துக்கொள்கிறார்: எல்லா எண்ணங்களையும் மனத்திலிருந்து அகற்றிவிட்டு, இறைச் சந்நிதியில் நிற்பதாகத் தன்னைக் காண்பது. பல ஜெப ஆலயங்களில், மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோராச் சுருள்கள் இருக்கும் பேழைக்கு மேலே, 'யார் முன் நிற்கிறாய் என்பதை அறிந்துகொள்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மிஷ்னாவை விவாதித்து விரிக்கும் பெருநூலான தல்மூதில் ரபி எலியேசர் நோய்ப்படுக்கையில் தம் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரையிலிருந்து வந்த வாசகம் அது.

எந்த ஜெபத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு?

முக்கியமாக இரண்டு. ஒன்று ஷெமா: 'இஸ்ரவேலே, கேள்' என்று தொடங்கும் உபாகம வசனமும் அதைத் தொடரும் பகுதிகளும். காலையிலும் இரவிலும் சொல்வது. மற்றது அமிதா: எருசலேமை நோக்கி, பாதங்களைச் சேர்த்து, நின்றபடி முணுமுணுப்பாகச் சொல்வது. வார நாட்களில் அதில் 19 ஆசீர்வாதங்கள், ஓய்வுநாளில் 7. காலை, பிற்பகல், இரவு என்று நாளுக்கு மூன்று முறை. கவ்வனா பற்றிய பெரும்பாலான விவாதம் இந்த அமிதாவைச் சுற்றியே நடக்கிறது.

அதே வாசகத்தை நாளுக்கு மூன்று முறை ஆயுள் முழுக்கச் சொன்னால் மரத்துப்போகாதா?

மரத்துப்போகும். இந்தக் கவலை ஜெபநூலைவிடப் பழையது. தன் ஜெபத்தை மாறாத வாடிக்கையாக்கிக் கொள்பவனுடைய ஜெபம் மன்றாட்டே அல்ல என்று மிஷ்னாவில் ரபி எலியேசர் சொல்லிவிட்டார். ஆனால் அதே மிஷ்னாதான் எந்த ஜெபம், எந்த நேரத்துக்குள் என்றும் வரையறுக்கிறது. ரவ் அம்ராம் என்ற பாபிலோனிய அறிஞர் ஆண்டு முழுமைக்குமான ஜெப ஒழுங்கை 9ஆம் நூற்றாண்டில் எழுதிக் கொடுத்தார். வாசகம் நிலைத்தது, கவலையும் நிலைத்தது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க யாரும் முன்வரவில்லை.

ஜெபத்தின் நீளத்தையாவது ஓர் அளவுகோலாக வைத்தார்களா என்று பார்த்தால், அதுவும் இல்லை. ரபி எலியேசர் முன்னிலையில் ஒரு மாணவர் ஜெபத்தை இழுஇழுவென்று இழுத்தார். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். 'நாற்பது பகலும் நாற்பது இரவும் மன்றாடிய மோசேயைவிடவா நீட்டிவிட்டார்?' என்றார் எலியேசர். இன்னொரு நாள் வேறொருவர் சட்டென்று முடித்துவிட்டார். அதற்கும் முணுமுணுப்பு. 'மோசேயைவிடவா சுருக்கிவிட்டார்?' என்றார். தன் அக்காள் மிரியாம் தொழுநோயுற்றபோது மோசே வேண்டியது எபிரேயத்தில் ஐந்தே சொற்கள்: கடவுளே, அவளைக் குணமாக்கும். பிற்காலச் சட்ட நூலான ஷுல்ஹான் அரூக் தன் முதல் பிரிவிலேயே, கவ்வனா இல்லாத நீண்ட மன்றாட்டைவிடக் கவ்வனாவோடு கொஞ்சம் சொல்வது நல்லது என்கிறது.

நடுவில் மனம் எங்கோ போய்விட்டது. அந்த ஜெபம் செல்லுமா, செல்லாதா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பதில் படிப்படியாக இறங்கி வரும்.

ஜெபிப்பவர் எல்லா ஆசீர்வாதங்களிலும் மனத்தைச் செலுத்த வேண்டும் என்று தல்மூத் தொடங்குகிறது. முடியாவிட்டால், ஒன்றிலாவது. எந்த ஒன்று? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் கடவுளை விளித்துத் தொடங்கும் முதல் ஆசீர்வாதம். மைமோனிடிஸ் ஓரிடத்தில், கவ்வனா இல்லாத எந்த ஜெபமும் ஜெபமல்ல, திரும்பச் சொல்ல வேண்டும் என்று கறாராக எழுதுகிறார். சில அத்தியாயங்கள் தள்ளி, முதல் ஆசீர்வாதத்தில் மனம் இருந்திருந்தால் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்கிறார். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேப் காரோ, ஷுல்ஹான் அரூக்கில் இதைச் சட்டமாக்குகிறார்: முதல் ஆசீர்வாதத்தில் மனம் இல்லையென்றால், மற்ற எல்லாவற்றிலும் இருந்தாலும் சரி, திரும்பச் சொல்.

காரோவின் நூலுக்கு உரைக்குறிப்பு எழுதிய கிராக்கோவ் நகர மோசே இஸ்ஸர்லெஸ் கடைசிப் படியையும் இறக்கிவிடுகிறார். இக்காலத்தில் நாம் திரும்பச் சொல்வதில்லை. ஏனென்றால் இரண்டாம் முறையும் மனம் நிற்கப் போவதில்லை. பிறகு எதற்குத் திரும்பச் சொல்வது?

மேலோட்டமாகப் படித்தால் இது கைவிரிப்பு போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'மனம் நிற்க வேண்டும்' என்ற விதியில் ஓர் எழுத்தைக்கூட அவர் நீக்கவில்லை. தவறியவர் தன்னைத் தண்டித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதை மட்டும் தடுத்துவிட்டார். சற்றுமுன் சொன்ன ஜெபம் எப்படிப் போயிற்று என்ற கணக்கை விட்டுவிட்டு, அடுத்த வேளைக்கு வந்து நில் என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள்.

மைமோனிடிஸின் இரண்டு கூற்றுகளும் முரண்படுகின்றனவே என்ற கேள்வியைப் பிரெஸ்த் நகர ரபி ஹயிம் சொலவெய்ச்சிக் (1853–1918) எடுத்துக்கொண்டார். சொற்பொருளைத் தொடர்வது முதல் ஆசீர்வாதத்துக்கு மட்டும் கட்டாயம். இறைவன் முன் நிற்கிறேன் என்ற உணர்வோ அமிதா முழுவதும் இருந்தாக வேண்டும், அது இல்லாத நொடியில் வெறும் வாயசைவுதான் மிஞ்சும் என்று பிரித்துக் காட்டினார். கூர்மையான பதில், பின்பற்ற முயன்றால் மூச்சு முட்டும். ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட ரபி (1878–1953) இதை ஏற்கவில்லை. ஜெபிக்க எழுந்து நிற்கும் எவருக்கும் தான் என்ன செய்கிறோம் என்ற மங்கலான உணர்வாவது அடியில் இருக்கும், அது போதும் என்றார். என் ஓட்டு அவருக்கு.

பெரிய ரபிகளுக்குமா மனம் அலைந்தது?

எருசலேம் தல்மூதில் ஒரு பத்தி உண்டு; பக்தி நூல்களில் இவ்வளவு வெளிப்படையான பத்தியை நான் அதிகம் கண்டதில்லை. ரபி ஹிய்யா சொல்கிறார்: 'என் வாழ்நாளில் எனக்குக் கவ்வனா வாய்த்ததே இல்லை. ஒரு முறை முயன்றேன். அரசனைப் பார்க்க முதலில் உள்ளே போவது எந்தப் பிரமுகர் என்ற யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது.' ஷ்முவேல் சொல்கிறார்: 'நான் பறவைக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.' ரபி பூன் பார் ஹிய்யா: 'நான் கட்டடத்தின் கல் வரிசைகளை எண்ணினேன்.' ரபி மத்தனியா தம் தலைக்கு நன்றி சொல்கிறார்: நன்றியறிதல் ஆசீர்வாதம் வந்ததும் அது தானாகவே குனிந்துவிடுகிறதாம்!

உரையாசிரியர்கள் சிலர் இந்தப் பத்தியைக் கண்டு சங்கடப்பட்டு, இதற்கு வேறு ஆழ்பொருள் இருக்கும் என்று விளக்கப் பார்த்தார்கள். தேவையில்லை என்பேன். மத்தனியாவின் பேச்சில் ஒரு நுட்பமும் இருக்கிறது. மனம் வராத நாளில் உடம்பாவது வந்து நிற்கிறது. அதையும் அவர் ஏளனமாகச் சொல்லவில்லை, நன்றியோடு சொல்கிறார்.

ஜெபத்துக்கு முன் என்ன தயாரிப்பு செய்கிறார்கள்?

முற்காலப் பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் காத்திருந்து, மனத்தைப் பரலோகத் தந்தையிடம் திருப்பிய பிறகே தொடங்கினார்கள் என்கிறது மிஷ்னா. தல்மூத் அதை விரிக்கிறது: முன்னால் ஒரு மணி, ஜெபம் ஒரு மணி, பின்னால் ஒரு மணி. மூன்று வேளைக்கும் கூட்டினால் நாளில் 9 மணி நேரம். அப்படியானால் அவர்கள் எப்போது படித்தார்கள், எப்போது பிழைப்பைப் பார்த்தார்கள் என்று தல்மூதே கேட்டுவிட்டு, பக்தர்கள் என்பதால் அவர்கள் கல்வி காக்கப்பட்டது, வேலை ஆசி பெற்றது என்று பதிலும் சொல்லிக்கொள்கிறது. நமக்கு இது எட்டாது. மைமோனிடிஸ் கேட்பது எளிது: ஜெபத்துக்கு முன் சற்று உட்கார், முடிந்ததும் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்து போ, ஜெபத்தைத் தலையிலிருந்து இறக்கி எறியும் சுமையாக்காதே.

மற்ற ஏற்பாடுகள் எல்லாம் மிக லௌகீகமானவை. தினமும் ஒரே இடத்தில் நிற்பது. கண்ணைத் தாழ்த்துவது. ஜன்னல் உள்ள அறையில் ஜெபிப்பது, ஏனென்றால் மனம் சிதறும்போது வானத்தை ஏறிட்டுப் பார்த்தால் திரும்ப வரும். கையில் கத்தி, காசு, நிரம்பிய கிண்ணம், அப்பம் எதையும் பிடித்துக்கொண்டு ஜெபிக்கக் கூடாது என்கிறது ஷுல்ஹான் அரூக். விழுந்துவிடுமோ என்று மனம் அதிலேயே இருக்கும். ஜெபநூலுக்கு விலக்கு உண்டு, அது ஜெபத்துக்காகவே கையில் இருப்பது. ஜெபநூல் செயலியாக இறங்கியிருக்கும் கைபேசியை இதில் எந்தப் பக்கம் சேர்ப்பது? அறிவிப்பு ஒலியை அணைக்காத கைபேசி என்றால், நிரம்பிய கிண்ணத்தின் பக்கம்தான்.

வாசனையும் கணக்கில் வந்தது. பியர் இருக்கும் வீட்டில் ஷ்முவேல் ஜெபிக்க மாட்டார். பொடிமீன் பண்டம் இருக்கும் வீட்டில் ரவ் பாப்பா ஜெபிக்க மாட்டார். குஞ்சுகளை எண்ணியதாகச் சொன்னாரே, அதே ஷ்முவேல்தான்.

பாம்பு காலைச் சுற்றினாலும் ஜெபத்தை நிறுத்தக் கூடாதாமே?

மிஷ்னா அப்படித்தான் சொல்கிறது: அரசன் நலம் விசாரித்தாலும் பதில் பேசாதே, பாம்பு குதிகாலில் சுற்றினாலும் நிறுத்தாதே. தல்மூத் உடனே நிதானத்துக்கு வருகிறது. தேள் என்றால் நிறுத்திவிடு, அது கொட்டும். அரசன் யூத அரசன் என்றால்தான் பேசாமல் இருக்கலாம். பிற நாட்டு அரசன் என்றால் நிறுத்து. உயிருக்கு ஆபத்து என்னும் இடத்தில் கவ்வனா வழிவிடுகிறது.

கோபமாக, களைப்பாக இருக்கும் நாளில்?

மனம் அமைதியடையாதவர் ஜெபிக்கக் கூடாது என்று தல்மூதில் ஒரு கருத்து உண்டு. கோபம் வந்த நாளில் ஜெபிக்காமல் இருந்த ரபி ஒருவரையும் அது குறிப்பிடுகிறது. பயணத்திலிருந்து களைத்து வந்தவர் மனம் தெளியும்வரை மூன்று நாள் பொறுக்கலாம் என்று மைமோனிடிஸ் எழுதினார். ஷுல்ஹான் அரூக் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, இப்போது நாம் இவற்றைப் பார்ப்பதில்லை, எப்படியும் நமக்கு அவ்வளவு கவ்வனா இல்லை என்று முடிக்கிறது. மேலே இஸ்ஸர்லெஸ் சொன்ன அதே தர்க்கம். களைப்பைக் காரணம் காட்டி விலகும் சலுகை இப்படிப் பறிபோனது.

ஜெபிக்கும்போது ஏன் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள்?

கட்டாயம் இல்லை, வழக்கம். ஆட்டம் மனத்தைக் கட்டிவைக்கிறது என்பார் சிலர். அசையாமல் நின்றால்தான் மனம் கட்டுப்படும் என்பார் சிலர். சட்ட அறிஞர்களும் பெரும்பாலும் எது உதவுகிறதோ அதைச் செய் என்று விட்டுவிட்டார்கள். ஷெமாவின் முதல் வசனத்தின்போது வலக்கையால் கண்களை மூடுவதன் நோக்கம் தெளிவு: வேறெதையும் பார்க்காமல் இருப்பது. மிஷ்னாவின் தொகுப்பாசிரியரான ரபி யூதா கையைக் கண்மேல் வைத்ததாகத் தல்மூத் சொல்வதிலிருந்து வந்த பழக்கம் அது.

நடுவில் வரும் வேறு எண்ணங்களை விரட்ட வேண்டுமா?

இங்கேதான் 18ஆம் நூற்றாண்டில் ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கம் ஒரு புதுப் பேச்சைக் கொண்டுவந்தது. அதன் மூலவரான பால் ஷேம் தோவின் (இறப்பு 1760) வழிவந்தவர்கள், ஜெபத்தில் குறுக்கிடும் எண்ணத்துக்குள்ளும் ஒரு தெய்வீகப் பொறி சிக்கியிருக்கிறது என்றார்கள். ஆசை வந்தால், அந்த ஆசையின் மூலமான இறையன்பைத் தேடு. எண்ணத்தை மேலே உயர்த்து.

கேட்க அழகு, செய்ய ஆபத்து. அதே இயக்கத்தைச் சேர்ந்த லியாதியின் ஷ்னியூர் ஸல்மான், 1796இல் அச்சான தன்யா நூலில் சாதாரண மனிதர்களுக்கு இதைத் தடுத்துவிட்டார். தானே கீழே கட்டுண்டு கிடப்பவன் எதை மேலே உயர்த்துவது, முட்டாள்தனம் வேண்டாம் என்கிறார். அவர் தரும் வழி வேறு. ஒருவர் ஜெபிக்கும்போது எதிரே ஒருவன் நின்று வம்புக்கு இழுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பதில் பேசினால் அவனுக்கு வெற்றி. காது கேளாதவர்போல் இருந்துவிடுவதே மேல். எண்ணத்தோடு வாதாடாதே, அது வந்ததே என்று சோர்ந்தும் போகாதே. மல்யுத்தத்தில் ஒருவன் கை ஓங்கும்போதுதான் மற்றவன் முழு பலத்தையும் திரட்டுவான். அதுபோல, எண்ணங்கள் மொய்ப்பது உன் ஜெபம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்கிறார்.

போலந்தின் பியாசெச்னோ ரபி கலோனிமஸ் கல்மான் ஷபிரா (1889–1943) மூன்றாவதாக ஒரு வழி கற்றுக்கொடுத்தார். எண்ணங்களோடு மோதாமல், வெளியே நின்று பார்ப்பவர்போல 'இப்போது நான் என்ன நினைக்கிறேன்?' என்று சில நிமிடம் கவனி. ஓட்டம் தளரும். அப்போது ஒரு வசனத்தை மெல்ல மனத்தில் வை. வார்சா யூதச் சேரியில் அடைபட்டிருந்த காலத்திலும் அவர் போதித்துக்கொண்டிருந்தார். 1943 நவம்பரில் நாஜிகளால் கொல்லப்பட்டார்.

கபாலா என்ற யூத மறைஞான மரபில் வரும் கவ்வனா வேறா?

வேறுதான். சஃபேத்தில் வாழ்ந்த ஈசாக் லூரியாவின் (1534–1572) வழியில், ஜெபத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலுலகில் ஒரு வேலை உண்டு. இறைப்பெயர்களின் எழுத்துச் சேர்க்கைகளை மனத்தில் நிறுத்தியபடி சொல்ல வேண்டும். யேமனிலிருந்து எருசலேம் வந்த ஷாலோம் ஷராபியின் (1720–1777) ஜெபநூலில் பக்கம் முழுக்க இந்தக் குறிப்புகள் இருக்கும். எல்லோரும் இதை ரசிக்கவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் கபாலிய நோக்க வாக்கியம் ஒன்றைச் சொல்லும் பழக்கம் பரவியபோது, பிராக் நகர ரபி எசேக்கியேல் லண்டாவு (1713–1793) கடுமையாகச் சாடினார். ஆசீர்வாதத்தின் சொற்களே போதும், பொருள் தெரியாத அடுக்கு எதற்கு என்பது அவர் கட்சி.

எபிரேயம் தெரியாதவர் என்ன செய்வது?

ஷெமாவையும் அமிதாவையும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று மிஷ்னா வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. இடைக்கால ஜெர்மனியின் பக்தர் வட்டம், புரியாத எபிரேயத்தில் ஜெபிப்பதைவிடப் புரியும் மொழியில் ஜெபிப்பது நல்லது என்று எழுதி வைத்தது. கிழக்கு, மத்திய ஐரோப்பிய யூதப் பெண்களுக்கென்று அவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் தனி மன்றாட்டுகளே அச்சாகிப் பரவின. விளக்கேற்றும்போது, பிள்ளைப்பேற்றின்போது என்று வாழ்க்கையோடு ஒட்டியவை. ஆயினும் 1819இல் ஹாம்பர்க் சீர்திருத்தவாதிகள் பொது வழிபாட்டிலேயே ஜெர்மனைப் புகுத்தியபோது மரபு ரபிகள் கொதித்தெழுந்தார்கள்; ஊர்கூடிச் சொல்லும் ஜெபம் எபிரேயத்தில்தான் என்பது அவர்கள் நிலை. நடைமுறையில் இன்று மரபு யூதர் பலர் எபிரேயத்தில் சொல்லி, எதிர்ப்பக்க மொழிபெயர்ப்பை முன்கூட்டியே படித்துவைக்கிறார்கள். சொந்த மொழியில் மனம்விட்டுப் பேச வேறு நேரம் உண்டு: பிரெஸ்லாவின் ரபி நஹ்மான் (1772–1810) தினமும் வயலுக்கோ காட்டுக்கோ தனியே போய், பேச்சு மொழியிலேயே இறைவனிடம் பேசச் சொன்னார்.

தியானமும் இதுவும் ஒன்றா?

சில உத்திகள் ஒத்துப்போகும். ஆனால் இங்கே சொல் கரைந்துவிட வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டே, சொல்வது யாரிடம் என்பதை மறக்காமல் இருப்பதுதான் வேலை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே அடிப்படை. தல்மூத் எடுத்துக்காட்டாக வைப்பவள் பிள்ளை வரம் கேட்ட அன்னாள்: உதடு அசைந்தது, குரல் கேட்கவில்லை, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்தான்.

புதிதாகத் தொடங்குபவர் எங்கே தொடங்கலாம்?

மைமோனிடிஸ் தம் தத்துவ நூலின் கடைசிப் பகுதியில் ஒரு பாடத்திட்டமே கொடுத்திருக்கிறார். முதலில், ஷெமாவும் அமிதாவும் சொல்லும்போது மற்ற எல்லா எண்ணங்களையும் அகற்றுவது. ஷெமாவின் முதல் வசனத்தோடும் அமிதாவின் முதல் ஆசீர்வாதத்தோடும் திருப்தியடைந்துவிடாதே என்கிறார். அது பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். அதன்பின் தோரா வாசிப்பு. அதன்பின் மற்ற ஆசீர்வாதங்கள். வீட்டையும் வியாபாரத்தையும் பற்றி யோசிக்கவும் அவர் நேரம் ஒதுக்குகிறார்: சாப்பிடும்போது, குளிக்கும்போது, மனைவி மக்களோடு இருக்கும்போது, ஊராரோடு பேசும்போது. அந்த எண்ணங்களுக்கு அங்கே இடம் கொடுத்துவிட்டால் ஜெபத்துக்குள் வர மாட்டா என்பது கணக்கு.

ஷெமாவின் முதல் வசனம் எபிரேயத்தில் ஆறே சொற்கள். மரத்தின் மேலோ சுவரின் மேலோ வேலை செய்யும் கூலியாட்கள் அங்கிருந்தே ஷெமா சொல்லலாம், அமிதாவுக்கு மட்டும் இறங்கி வர வேண்டும் என்று மிஷ்னா பிரித்திருக்கிறது. மரத்தின் மேல் நிற்பவனுக்கு ஆறு சொற்களுக்கு மனம் நிற்கும்; 19 ஆசீர்வாதங்களுக்கு நிற்காது, விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும்.

கூட்டத்தோடு ஜெபிக்கும்போது எல்லோரும் வேகமாக முடித்துவிடுகிறார்களே?

ரபி அகீவா கூட்டத்தோடு ஜெபித்தால் மற்றவர்களைக் காக்க வைக்காமல் சுருக்கமாக முடிப்பாராம். தனியாக ஜெபித்தால், ஓர் மூலையில் விட்டுப் போனவரை இன்னொரு மூலையில் பார்க்கலாம். அவ்வளவு வணக்கங்கள், மண்டியிடல்கள். ஆகவே வேகம் என்பது நடத்துபவருக்கு உள்ள கடமை. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமிதாவை அவரவர் வேகத்தில்தான் சொல்கிறார்கள். நீங்கள் பாதியில் இருக்கும்போதே நடத்துபவர் அதை உரக்க மறுபடி சொல்லத் தொடங்கி, சபை எழுந்து 'பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்' என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டால், சொல்வதை நிறுத்திவிட்டுக் கவனித்துக் கேளுங்கள். நீங்களும் சேர்ந்து சொன்னதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.